தடுப்பூசி ஊர் வரை வருகிறது, கூண்டு வரை வருவதில்லை: பெண்கள் வளர்க்கும் கோழியும் ஆடும்

ஒரு குப்பியில் 100 கோழிக்கு மருந்து இருக்கிறது. ஒரு வீட்டில் இருப்பதோ 8 கோழி. குப்பியிலுள்ள உலர்ந்த மருந்தை உப்புத் திரவத்தில் கலந்த பிறகு இரண்டு மணி நேரத்துக்குள் போட்டு முடித்துவிட வேண்டும்; அதற்கு மேல் அது வெறும் உப்புத் தண்ணீர். கிராமத்துப் பெண்களின் கோழிக்குத் தடுப்பூசி ஏன் போய்ச் சேர்வதில்லை என்று கேட்டால் இந்த மூன்று எண்களிலிருந்து தொடங்கலாம்.

'கிடைக்கிறது' என்பது வேறு, 'எட்டுகிறது' என்பது வேறு. மருந்து தயாராக வேண்டும், கால்நடை மருந்தகத்தின் குளிர்பெட்டிக்கு வர வேண்டும், பிறகு கோழியின் உடம்புக்குள் வீரியம் கெடாமல் போக வேண்டும். தமிழ்நாட்டில் முதல் இரண்டும் பெரும்பாலும் நடந்துவிடுகின்றன. ராணிப்பேட்டையில் 1932-இல் தொடங்கிய கால்நடை நோய்த்தடுப்பு மருந்து நிலையம் இன்றும் தடுப்பு மருந்து தயாரிக்கிறது. அரசு முகாமில் காசும் வாங்குவதில்லை. அறுந்துபோவது கடைசி முந்நூறு அடிதான்: மருந்தகத்து ஐஸ் பெட்டிக்கும் வீட்டுக் கொல்லைக்கும் நடுவில் உள்ள தூரம்.

அந்தத் தூரத்தில் பெண் என்ன செய்துகொண்டிருக்கிறாள், யாருடைய போனுக்குச் செய்தி போனது, எத்தனை மணிக்குக் கூண்டு திறந்தது என்பதெல்லாம் மருந்தின் தரத்தைப் போலவே முக்கியமான விஷயங்கள். இவற்றைச் சரிசெய்யப் பெரிய பணம் தேவையில்லை. ஆனால் யாராவது உட்கார்ந்து கணக்குப் போட வேண்டும்.

ஏற்பாடெல்லாம் பண்ணைக்கானது

2019-ஆம் ஆண்டு கால்நடைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் ஏறத்தாழ 12 கோடி கோழியினங்கள் இருந்தன, நாட்டிலேயே முதலிடம். ஆனால் அதில் பெரும்பங்கு நாமக்கல் வட்டாரம் போன்ற இடங்களின் பண்ணைக் கொட்டகைகளில் இருக்கிறது. அங்கே ஒரே கூரையின் கீழ் ஆயிரக்கணக்கில் ஒரே வயதுக் கோழி. ஆயிரம் டோஸ் குப்பியைத் திறந்தால் ஒரு சொட்டு வீணாகாது. தண்ணீர்க் குழாயிலேயே மருந்தைக் கலந்துவிடலாம். குப்பியின் அளவு, மருந்து கொடுக்கும் முறை, அட்டவணை எல்லாம் இந்தக் கொட்டகையை மனதில் வைத்தே அமைந்தவை.

கொல்லைப்புறக் கோழி வேறு கதை. அதே கணக்கெடுப்பின்படி நாடு முழுக்க வீட்டுக் கோழிகள் சுமார் 31.7 கோடி, அதற்கு முந்தைய 2012 கணக்கெடுப்பைவிட 45 விழுக்காட்டுக்கு மேல் கூடுதல். இவற்றுக்கு இரை வைப்பது, அடை வைப்பது, விற்பது எல்லாம் பெரும்பாலும் பெண்கள்தான். ஒரு வீட்டில் ஒரு தாய்க்கோழி, அதன் பத்து நாள் குஞ்சுகள் ஆறு, மூன்று விடைக்கோழி, ஒரு சேவல். ஒரே வீட்டில் நான்கு வயது. இதற்குப் பண்ணை அட்டவணை பொருந்தாது.

வெள்ளைக்கழிச்சல்

ஊரில் வெள்ளைக்கழிச்சல் என்றும், அரசு அறிவிப்பில் கோழிக்கழிச்சல் என்றும், மருத்துவர் வாயில் ராணிக்கெட் என்றும் வருவது ஒரே நோய். இன்றைய உத்தரகண்டில் இருக்கும் ராணிக்கெட் என்ற மலையூரின் பெயர்தான் அது. ராணிப்பேட்டைக்கும் இந்தப் பெயருக்கும் சம்பந்தமில்லை, நோய்க்கான மருந்து அங்கே தயாராகிறது என்பதைத் தவிர. இது வைரஸ் நோய். வெள்ளையாகவோ பச்சையாகவோ கழியும், கோழி வாயைத் திறந்து மூச்சு வாங்கும், இறக்கை தொங்கும், கழுத்து திருகிக்கொள்ளும். தடுப்பூசி போடாத கூட்டத்தில் புகுந்தால் பத்தில் எட்டு ஒன்பது போய்விடும். சில சமயம் ஒன்றுகூட மிஞ்சாது. வந்த பிறகு மருந்தில்லை. மஞ்சளும் வேப்பிலையும் வெங்காயமும் கொடுப்பதால் தீங்கில்லை, ஆனால் வைரஸ் சாகாது.

நோய் பெரும்பாலும் கோழியோடுதான் வருகிறது. சந்தைக்குக் கொண்டுபோய் விலை படியாமல் திரும்பிய சேவல், உறவுக்காரர் கொடுத்தனுப்பிய பெட்டை, பக்கத்து வீட்டில் செத்ததை அறுத்துக் கழுவிய தண்ணீர். வைரஸ் உடம்பில் நுழைந்து அறிகுறி தெரிய பெரும்பாலும் ஐந்தாறு நாளாகும், சில சமயம் இரண்டு வாரம்கூட. இந்த இடைவெளியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஊசியைப் பற்றிய வதந்திகளில் பாதி இங்கிருந்துதான் பிறக்கிறது.

ஊசி போடும் முறை:

முதல் வாரத்தில் (ஏழாம் நாள் வாக்கில்) குஞ்சின் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு. எஃப் அல்லது லசோட்டா என்ற வீரியம் குறைந்த மருந்து. 28-ஆம் நாள் வாக்கில் லசோட்டா இன்னொரு முறை. எட்டு வாரம் நிறைந்ததும் ஆர்2பி என்ற ஊசி, இறக்கையின் அடியில் தோலுக்குக் கீழே அரை மில்லி. 16 முதல் 18 வாரத்துக்குள் மறுபடி ஒன்று. பிறகு குறைந்தது ஆண்டுக்கொரு முறை.

ஆர்2பி கொஞ்சம் முரட்டு மருந்து. எட்டு வாரத்துக்குக் குறைந்த குஞ்சுக்குப் போட்டால், அதிலும் முன்னால் சொட்டு மருந்து வாங்காத குஞ்சுக்குப் போட்டால், கால் இழுத்துக்கொள்ளலாம், செத்தும் போகலாம். "எல்லாத்துக்கும் போட்டு விட்டுடுங்க சார்" என்று ஒரு பெண் கூடையோடு நீட்டும்போது குஞ்சைத் தனியே எடுத்துவைப்பது ஊழியரின் கடமை. பெரிய கோழிகூட ஓரிரு நாள் சோர்ந்திருக்கும், முட்டை சில நாள் குறையும். இதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் அடுத்த ஆண்டு அந்த வீட்டுக் கூண்டு உங்களுக்குத் திறக்காது.

கூண்டு எத்தனை மணிக்குத் திறக்கிறது?

எல்லாத் திட்டமும் வழுக்கி விழும் இடம் இது. அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

கூண்டையோ பஞ்சாரத்தையோ திறப்பது வீட்டுப் பெண். விடிந்ததும், வாசல் தெளிக்கும் நேரத்திலேயே திறந்துவிடுவாள். முகாம் ஊழியர்கள் வருவது ஒன்பது, ஒன்பதரைக்கு. அதற்குள் கோழி வேலியோரம், வைக்கோல்போர், பக்கத்துத் தோட்டம் என்று சிதறியிருக்கும். அவளும் நூறு நாள் வேலைக்கோ களையெடுக்கவோ போயிருப்பாள். வீட்டில் இருக்கும் பெரியவர் கோழியைத் துரத்துவாரா? துரத்தினாலும் ஒரு கோழியைப் பிடிக்கப் பத்து நிமிடம்.

கூண்டுக்குள் இருக்கும் கோழியை எடுத்து, இறக்கையை விரித்து, ஊசி போட்டு விட ஒரு நிமிடம் போதும். 100 கோழிக்கு ஒரு மணி நாற்பது நிமிடம். அதாவது கலந்த மருந்தின் ஆயுளுக்குள் ஒரு குப்பி சரியாகத் தீர்ந்துவிடும். வெளியே ஓடும் கோழி என்றால் அதே இரண்டு மணி நேரத்தில் பன்னிரண்டு கோழிதான். மிச்சம் 88 டோஸ் மண்ணுக்கு. மருந்தகத்தில் "ஐந்தாறு கோழிக்காகக் குப்பியை உடைக்க முடியாது, முகாம் வரும்போது வாங்க" என்று சொல்வதும் இந்தக் கணக்கால்தான். அவர்களுக்கும் எத்தனை குப்பிக்கு எத்தனை கோழி என்று எழுதிக் காட்ட வேண்டியிருக்கிறது.

ஆக, முகாமுக்குத் தேவையான செய்தி ஒரே வரி: "நாளைக்குக் காலையில் நாங்கள் வரும்வரை கூண்டைத் திறக்காதீர்கள்." இந்த வரி, முதல் நாள் பொழுது சாய்வதற்குள், கூண்டைத் திறக்கும் கைக்குச் சொந்தக்காரியின் காதில் விழ வேண்டும். ஊராட்சியின் வாட்ஸ்அப் குழுவில் காலை எட்டு மணிக்கு வரும் அறிவிப்பால் பயனில்லை. அந்தக் குழுவில் இருப்பது பெரும்பாலும் ஆண்களின் எண். டீக்கடைச் சுவரில் ஒட்டிய நோட்டீசும் அப்படித்தான். ரேஷன் கடை வரிசை, பால் சொசைட்டி, குழாயடி, குழுக் கூட்டம், தண்டோரா இவை எட்டும்.

ஒரு குப்பியைச் சுற்றி ஒரு தெரு

மகளிர் சுய உதவிக் குழு ஒன்றில் பொதுவாக 12 முதல் 20 பேர். வீட்டுக்கு 8 கோழி என்றால் 12 வீட்டில் 96. ஒரு குப்பிக்கு இதைவிடப் பொருத்தமான கணக்கு கிடைக்காது. ஆகவே வீட்டை அலகாக எடுக்காமல் குழுவையோ தெருவையோ அலகாக எடுத்தால் சிக்கல் பாதி தீரும்.

பத்து நாள் முன்பு குழுவில் ஒருவர் வீடு வீடாகப் போய் எண்ண வேண்டும். எட்டு வாரத்துக்கு மேற்பட்டவை எத்தனை, குஞ்சு எத்தனை, சோர்ந்து நிற்பது எத்தனை என்று மூன்று எண். மொத்தக் கோழியை மட்டும் எண்ணிக் கொடுத்தால் குப்பிக் கணக்கு தப்பும். ஒரு குப்பிக்கு 100 என்று நெருக்காமல் 95 என்று வைத்துக்கொள்ளலாம். சிரிஞ்சில் காற்றெடுக்கும்போதும் கோழி உதறும்போதும் கொஞ்சம் சிந்தும்.

ஒரு வாரம் முன்பு குடற்புழு மருந்து. வயிற்றில் புழு நிறைந்த கோழிக்கு ஊசி போட்டாலும் எதிர்ப்புச் சக்தி சரியாகப் பிடிக்காது.

முதல் நாள் இரவு, கலக்கும் திரவத்தையும் குளிர வைக்க வேண்டும். இதைப் பலர் மறக்கிறார்கள். 2 முதல் 8 டிகிரியில் பத்திரமாக வந்த குப்பியில், வெயிலில் கிடந்த பாட்டிலின் வெதுவெதுப்பான திரவத்தை ஊற்றினால் அத்தனை பாதுகாப்பும் அங்கேயே முடிந்தது. ஆர்2பி 100 டோஸ் குப்பிக்கு 50 மில்லி திரவம். கோழிக்கு அரை மில்லி. 5 மில்லி சிரிஞ்சு ஒரு முறை நிரப்பினால் பத்து கோழி. கண் சொட்டு மருந்துக்கு அதன் குப்பியோடு வரும் திரவத்தையும் சொட்டு மூடியையும்தான் பயன்படுத்த வேண்டும். சொட்டின் பருமன் மாறினால் டோஸும் மாறும்.

ஐஸ் பெட்டியில் குப்பியை நேராக ஐஸ் மேல் போடாமல் பாலிதீன் பையில் முடிந்து வைக்க வேண்டும். ஐஸ் உருகினால் லேபிள் கரைந்து, எது எந்த மருந்து என்று தெரியாமல் போகும். மரநிழலில் வைத்தே கலக்க வேண்டும்.

காலை ஐந்தரை, ஆறு மணிக்குத் தொடக்கம். எட்டுக்குள் தெரு முடிந்துவிட்டால் யாருடைய வேலையும் கெடாது. ஊழியர்கள் அந்த நேரத்துக்கு வர முடியாத ஊரில் பொழுது சாய்ந்து கோழி அடைந்த பிறகு, கைவிளக்கோடு, இன்னும் எளிதாக நடக்கும். அடைந்த கோழி சத்தமில்லாமல் கையில் வரும்.

ஊசி போடும் இடத்தை ஸ்பிரிட்டால் துடைப்பது சுத்தம் மாதிரி தெரியும். உயிருள்ள வைரஸ் தடுப்பூசிக்கு ஸ்பிரிட்டும் டெட்டாலும் எமன். சிரிஞ்சையும் அவற்றில் கழுவக் கூடாது, கொதிநீர் போதும். வீட்டுக்கு வீடு ஊசி முனையை மாற்றுங்கள். ஒரு வீட்டில் நோய் உள்ளே பதுங்கியிருந்தால் பழைய முனை அடுத்த வீட்டுக்கும் அதைச் சுமந்துபோகும்.

ஊசி போட்டு ஏழு முதல் பதினான்கு நாளுக்குள் எதிர்ப்புச் சக்தி வரும். அதற்குள் நோய் தாக்கினால் கோழி சாகும். ஏற்கெனவே வைரஸ் உள்ளே இருந்த கோழியும் சாகும். பக்கத்துத் தெருவில் கோழி விழத் தொடங்கிய பிறகு ஓடிவந்து ஊசி கேட்பவர்களுக்கு நடப்பது இதுதான். பழி மட்டும் ஊசி மேல் விழுகிறது. அரசு முகாம் பிப்ரவரி முதல் இரண்டு வாரங்களில் நடப்பதற்குக் காரணம் கோடை. வெயில் ஏறி நோய் பரவும் முன் எதிர்ப்புச் சக்தி தயாராக இருக்க வேண்டும். முகாமைத் தவறவிட்டவர்களுக்கு, பல மருந்தகங்களில் கோழிக்கென்று வாரத்தில் ஒரு நாள் வைத்திருப்பார்கள், பெரும்பாலும் சனிக்கிழமை. எந்த நாள், எத்தனை கோழி சேர்ந்தால் குப்பி திறப்பார்கள் என்று முன்னரே கேட்டு வைத்துக்கொண்டால் நடை மிச்சம்.

ஆடு

ஆட்டுக்கொல்லி நோய் இந்தியாவில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது 1987-இல், விழுப்புரம் பக்கத்து அரசூரில். அங்கே பிரித்தெடுத்த வைரஸைக் கொண்டு தமிழ்நாடு கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகம் உருவாக்கிய தடுப்பூசிக்கு 'அரசூர் 87' என்றே பெயர். உலக அளவில் இந்த நோயை 2030-க்குள் ஒழிப்பது என்று இலக்கு வைத்திருக்கிறார்கள்.

காய்ச்சல், மூக்கிலும் கண்ணிலும் ஒழுகல், வாய்ப்புண், பிறகு கழிச்சல், நிமோனியா. குட்டிகள் வேகமாகச் சாகும். தடுப்பூசி ஒரு மில்லி, தோலுக்கு அடியில். ஒரு முறை போட்டால் மூன்று ஆண்டு காக்கும். இவ்வளவு நல்ல தடுப்பூசி கால்நடை மருத்துவத்தில் குறைவு. பிறகு ஏன் வீட்டு ஆடுகள் இன்னும் சாகின்றன?

காரணம் குட்டி. தாயின் பாலில் வந்த பாதுகாப்பு மூன்று நான்கு மாதம்வரை இருக்கும். அதற்குள் ஊசி போட்டால் மருந்து வீண். நான்காம் மாதம் போட வேண்டும். ஆனால் முகாம் ஆண்டுக்கு ஒரு முறை. முகாமன்று இரண்டு மாதக் குட்டியாக இருந்தது, அடுத்த முகாம்வரை பத்து மாதம் பாதுகாப்பில்லாமல் திரியும். பெண்கள் வளர்க்கும் வெள்ளாடு ஈற்றுக்கு இரண்டு குட்டி போடும், ஆண் குட்டி வருடத்துக்குள் விற்றுப்போகும். மந்தையில் பெரும்பகுதி எப்போதும் இளசு. "போன வருஷம் போட்டாச்சு" என்ற பதிலை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. போன வருஷம் போட்ட ஆடு இப்போது எங்கே இருக்கிறது என்று கேட்க வேண்டும்.

குப்பிக் கணக்கு இங்கும் உண்டு. இருநூறு முந்நூறு ஆட்டோடு கிடை போடும் கீதாரிக்கு ஒரு குப்பி ஒரே இடத்தில் தீரும். மூன்று வெள்ளாடு வைத்திருப்பவருக்காக யாரும் குப்பி திறக்க மாட்டார்கள். இத்தனைக்கும் 2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா வெள்ளாடு திட்டத்தில் ஆளுக்கு நான்கு ஆடு கொடுத்தது ஏழைப் பெண்களின் பெயரில்தான். ஆடு சிறுகூட்டமாகப் பரவியது; தடுப்பூசிக் குப்பி பெரிதாகவே இருந்தது.

ஆட்டுக்கு நேரம் கொஞ்சம் தாராளம். மேய்ச்சலுக்கு ஓட்டும் முன், பட்டியிலேயே, ஒன்பது மணிக்குள் முடிக்கலாம். ஆட்டை முகாம் நடக்கும் இடத்துக்கு இழுத்துவரச் சொல்வதுதான் தவறு. இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண் நான்கு ஆட்டை இரண்டு கிலோமீட்டர் ஓட்டிக்கொண்டு வருவது நடக்காத காரியம். வந்தாலும் நோயுள்ள ஆடும் இல்லாத ஆடும் ஒரே இடத்தில் கூடும்.

ஒரு எச்சரிக்கை. ஆட்டுக்கொல்லித் தடுப்பூசி உறைபனியில் இருந்தாலும் கெடாது. ஆனால் ஆட்டுக்கு வரும் வேறு நோய்களான துள்ளுமாரி, கோமாரி இரண்டுக்குமான தடுப்பூசிகள் உறைந்தால் கெட்டுவிடும். எல்லாவற்றையும் ஒரே ஐஸ் பெட்டியில், ஐஸோடு ஒட்டி அடுக்கினால் ஒன்று பிழைக்கும், மற்றது சாகும். வெளியில் பார்த்தால் வித்தியாசம் தெரியாது.

யார் ஊசி போடலாம்?

பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து அவர்களையே ஊசி போடச் சொல்லலாமே என்று பலர் கேட்கிறார்கள். சட்டம் தெரிந்திருக்க வேண்டும். 1984-ஆம் ஆண்டு இந்தியக் கால்நடை மருத்துவக் கவுன்சில் சட்டம் சிகிச்சையைப் பதிவுபெற்ற மருத்துவருக்கே விடுகிறது. தடுப்பூசி, காயத்துக்குக் கட்டுப்போடுதல் போன்ற சிறு பணிகளை, உரிய சான்றிதழ் பெற்றவர்கள் மருத்துவரின் மேற்பார்வையில் செய்ய மாநில அரசு அனுமதிக்கலாம். ஊரக வாழ்வாதார இயக்கத்தில் பயிற்சி பெற்று ஊர்க் கால்நடைகளைக் கவனிக்க உதவும் பெண்களான கால்நடைத் தோழிகள் எதுவரை செய்யலாம் என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறுகிறது. உள்ளூர்க் கால்நடை உதவி மருத்துவரிடம் கேட்டுத் தொடங்குவதே நல்லது.

உண்மையில் ஊசியைத் தோலில் செலுத்துவது இந்த வேலையின் மிகச் சிறிய பகுதி. எண்ணுவது, முதல் நாள் மாலை சொல்வது, கோழியைப் பிடித்துக்கொடுப்பது, சோர்ந்ததை ஒதுக்குவது, எழுதுவது எல்லாம் சேர்ந்தால்தான் குப்பி தீரும். அதைச் செய்யும் பெண்ணுக்கு ஒரு தொகை கொடுக்கத்தான் வேண்டும். சேவை என்று சொல்லி ஓசியில் வாங்கினால் இரண்டாம் முகாமுக்கு ஆள் இருக்காது. மொசாம்பிக், டான்சானியா கிராமங்களில் ஐ-2 என்ற கண் சொட்டு மருந்தை ஊர் ஆட்களே போடுகிறார்கள். நான்கு மாதத்துக்கு ஒரு முறை, எந்த வயதுக் கோழிக்கும் ஒரே சொட்டு. போடுபவருக்குக் கோழி வைத்திருப்பவர்களே கோழிக்கு இவ்வளவு என்று சிறு தொகை தருகிறார்கள். அந்த மருந்து ஓரளவு வெப்பம் தாங்கும் என்பதும் உதவுகிறது. உலர்நிலையில், வெளிச்சம் படாமல் வைத்தால் 28 டிகிரியிலும் வாரக்கணக்கில் கெடாது. ஆனாலும் கலந்த பிறகு அதற்கும் நேரக்கெடு உண்டு, வெயிலும் ஆகாது.

நோட்டில் யார் பெயர்?

பதிவேட்டில் 'உரிமையாளர்' என்ற கட்டத்தில் பெரும்பாலும் கணவர் பெயரும் அவர் எண்ணும் ஏறிவிடும். மாட்டுக்குக் காதில் 12 இலக்கத் தோடு குத்தும்போதும் அப்படித்தான். பின்னால் அடுத்த தவணைச் செய்தி, காப்பீடு எல்லாம் அந்த எண்ணைத் தேடியே போகும். அவர் திருப்பூரிலோ கேரளத்திலோ வேலையில் இருப்பார். ஆகவே பதியும்போது "யார் பராமரிக்கிறீங்க?" என்று கேட்டு அவர் பெயரையும் எண்ணையும் எழுதச் சொல்லி நிற்க வேண்டும். சொந்தப் போன் இல்லாதவருக்குக் குழுத் தலைவியின் எண்ணைக் கொடுக்கலாம்.

குழு தனக்கென்று ஒரு நோட்டும் வைத்துக்கொள்ளலாம். தேதி, வீடு, ஊசி போட்ட கோழி, ஆடு, மருந்தின் பெயரும் குப்பியின் தொகுதி (பேட்ச்) எண்ணும். பிறகு அன்றைக்கு வயது போதாமல் விட்டுவைத்த குஞ்சும் குட்டியும் எத்தனை என்று ஒரு பத்தி. கோழிக்குஞ்சு எட்டு வாரத்தையும் ஆட்டுக்குட்டி நான்கு மாதத்தையும் எட்டும் தேதியை அந்தப் பத்திக்குப் பக்கத்திலேயே எழுதுங்கள். அந்தத் தேதிகள் ஒரே வாரத்தில் பத்துப் பன்னிரண்டு வீட்டுக்குச் சேர்ந்து வரும்போது அடுத்த குப்பியைக் கேட்கலாம்.